சிப்பிச் சுவர் ஊருக்குச் சொல்லாத பதில்

கண்ணுகளா, விளக்கு வைத்த பிறகு வாசலில் யாராவது ஒரே ஒரு தடவை கூப்பிட்டாலும் நான் உடனே குரல் கொடுத்துவிடுகிறேன். உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து, "மூணு வாட்டி கூப்பிட்டாத்தான் பதில் சொல்லோணும்னு எத்தனை தரம் சொல்றதுங்க? வந்தது மனுசனா என்னன்னு தெரியாம வாயைத் தொறந்துபோடறீங்களே" என்று சத்தம் போடுகிறாள். ஊரில் எல்லா அப்பாக்களும் பேசாமல் இருக்கும்போது நம் அப்பா மட்டும் ஏன் இப்படி என்று பெரியவள் போன வாரம் கேட்டாள். "அப்பாவுக்குப் பேயின்னா பயமே இல்லை" என்று சின்னவன் பெருமையாகச் சொன்னான்.

அது பொய் சாமி. எனக்குப் பயம் உண்டு. அந்தப் பயத்தினால் ஒருத்தருக்கு நான் செய்த கெடுதலைத்தான் இங்கே எழுதுகிறேன். வாயால் சொல்ல இரண்டு மூன்று தடவை பார்த்தேன், வரவில்லை. ஐந்தாவது வரைக்கும் படித்தவன் எழுத்து. பொறுத்துப் படியுங்கள்.

நீங்கள் யாரும் பிறக்கவில்லை அப்போது. கோயமுத்தூரில் ஒன்று மாற்றி ஒன்றாக மில்லுகள் வந்துகொண்டிருந்த சமயம். மில்லுக்குப் போகிறவர்கள் பழைய சைக்கிள் வாங்க ஆரம்பித்திருந்தார்கள். அதை நம்பிக் கணபதி ஊரில் ரோட்டோரம் ஓர் ஓலைச் சாளை போட்டு சைக்கிள் ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். பின்னால் இரண்டு அறை. அதற்கும் பின்னால் ஒரு தோட்டம், தோட்டத்தில் கிணறு. பாறையை உடைத்து இறக்கிய அறுபதடிக் கிணறு அது. பக்கவாட்டில் படி உண்டு. காலையிலும் பொழுதோடவும் தோட்டத்துக்காரர் மாடு கட்டி இறைப்பார். உச்சிப் பொழுதில் மாடுகளை அவிழ்த்துவிட்டால் அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இருக்காது.

அந்த ரோட்டில்தான் சீனாக்காரர் வந்தார். பட்டுத்துணி விற்கிறவர். கேரியரில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் சூலூர்ப் பக்கம், ஒரு நாள் தொண்டாமுத்தூர்ப் பக்கம் என்று போவார். கல்லில் ஏறி ரிம் கோணிப்போய் என் கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். ரிம்மை நிமிர்த்த இரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் பின்னறையை வாடகைக்குக் கேட்டார். மூன்று வருஷம் எங்கள் சோற்றையே சாப்பிட்டார்.

அவருக்குத் தமிழ் வரும். பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கின நம் ஆட்களோடு இருந்து பழகியது. அதனால் வந்த புதிதில் எல்லாரையும் "வா, போ, எடு" என்பார். பெண்டு பிள்ளைகள் முகம் சுளித்தார்கள், பட்டு விற்கவில்லை. உங்கள் அம்மாதான், "ஏனுங்க, பேச்சுக்குப் பேச்சு ஒரு 'ங்க' போட்டுக்குங்க, அப்பறம் பாருங்க" என்றாள். அன்றிலிருந்து ஒன்றையும் விடவில்லை அவர். சாளைக்குள் நுழைந்த வெள்ளாட்டைப் பார்த்து, "அக்கட்டால போங்க, மேல இடிக்காதீங்க" என்பார். தோட்டத்துக்காரர் அதைக் கேட்டுவிட்டு, "என்ற ஆட்டை இனி நான் எப்படிங்க அடிக்கிறது? இவ்வளவு மருவாதி வாங்கிப்போட்டு வருதே" என்று விழுந்து விழுந்து சிரிப்பார்.

சாப்பிட்ட பிறகு அவர் தன் ஊரைப் பற்றிச் சொல்லுவார். மீன்பிடிக்கிற சின்ன ஊர், பழைய ஊர். கடல் என்பதை நானும் உங்கள் அம்மாவும் பார்த்ததே இல்லை. "சூலூர்க் குளமாட்ட இருக்குமுங்களா?" என்று உங்கள் அம்மா கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்து, "குளத்துக்கு அக்கட்ட கரை இருக்குதுங்க" என்றார்.

அந்த ஊரில் வீட்டுச் சுவர் சிப்பியில் கட்டியது. உள்ளங்கை அகலச் சிப்பி, ஆயிரம் ஆயிரமாக, சொரசொரப்பான பக்கம் வெளியே தெரிய அடுக்கியிருக்குமாம். அந்தக் காலத்தில் கப்பல்கள் எங்கேயோ தூர தேசத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும். திரும்பும்போது காலிக் கப்பல் ஆடுமென்று, அங்கே கரையில் கிடந்த சிப்பியை அள்ளி அடியில் போட்டுக்கொண்டு வருவார்கள். அதைக் கொட்டின இடத்தில் வீடு எழும்பியது. "எந்தக் கடல்ல செத்ததோ, எங்க ஊட்டுச் சொவரா நிக்குதுங்க" என்பார். பகல் வெயிலில் காய்ந்த சிப்பி பொழுது சாய்ந்தால் குளிர்ந்து 'டக், டக்' என்று சுவரெல்லாம் சத்தம் போடுமாம். படகுக்குப் போன ஆண்களில் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்று சுவர் எண்ணுகிறதாக அவருடைய அம்மா சொல்லுவார்களாம். எண்ணி முடிக்காமல் சுவர் விடிய விடியச் சத்தம் போட்ட ராத்திரிகளும் உண்டாம்.

அந்த ஊர்ப் பெண்கள், பல் போன கிழவிகள் உட்பட, கொண்டையைச் சுற்றிப் பூ வைத்துக்கொண்டுதான் சேற்றில் இறங்கிச் சிப்பி எடுப்பார்களாம். அது உங்கள் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. படகுக்கு இரண்டு பக்கமும் கண் எழுதியிருப்பார்களாம், தண்ணீருக்குள் பார்க்க.

வலையில் மீனோடு சில சமயம் மனுஷ எலும்பு வரும். அதைத் திரும்பக் கடலில் போடக்கூடாது. "அண்ணா, வாங்க" என்று சொல்லி ஏற்றிக்கொள்ள வேண்டும். யார், எந்த ஊர் என்று கேட்கக்கூடாது. ஊர் எல்லையில் கதவில்லாத ஒரு சின்ன வீடு உண்டு. அதில் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஊரே அந்த எலும்புகளை அண்ணா என்றே கும்பிடும். "அவுங்களுக்கெல்லாம் பேர் போயிடுச்சுங்க. பேரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாதவங்க" என்றார் சீனாக்காரர். உங்கள் அம்மா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஒரு நாள் குளத்து மீன் பொரித்திருந்தாள். சீனாக்காரர் எப்போதும் மீனின் மேல்பக்கத்தைத் தின்று, முள்ளை எடுத்துவிட்டு, அடிப்பக்கத்தைத் தின்பார். திருப்பிப் போடவே மாட்டார். நான் விளையாட்டாக அவர் தட்டிலிருந்த மீனைக் குப்புறத் திருப்பிவிட்டேன். அவர் என் கையை வெடுக்கென்று பிடித்தார். பிடி வலித்தது. "படகு கவுந்துருமுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன்.

அடுத்த வாரம் அவர் ஊர்க்காரர் ஒருவர், அவரும் பட்டு விற்கிறவர், ஒரு காகிதமும் ஒரு நீலச் சட்டையும் கொண்டுவந்து கொடுத்தார். சீனாக்காரருக்கு ஒரே தம்பி. படகு கவிழ்ந்து போய்விட்டான். உடம்பு கிடைக்கவில்லை. பத்து மாதத்துக்கு முன்பே நடந்தது, செய்திதான் இப்போது வந்தது. நான் மீனைத் திருப்பினதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க முடியாது. ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவருடைய அம்மா எழுதச் சொல்லியிருந்தது இது. கடலில் போனவனின் சட்டையைக் கழியில் கட்டி, தண்ணீர் ஓரம் நின்று, பெயரைச் சொல்லி வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். வீட்டு வாசலில் நின்று ஒருத்தர் "வந்தாச்சு" என்று பதில் சொல்ல வேண்டும். அப்போதுதான் அவன் வீடு சேருவான். ஊரில் அம்மா கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவன் வரவில்லை. சுவர் இன்னும் எண்ணிக்கொண்டே இருக்கிறது. அடுத்த வருஷம் அண்ணனிடம் போய்விடுவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்த பிள்ளை, அதனால் உன்னைத் தேடித்தான் புறப்பட்டிருப்பான். நீ கூப்பிடு. வருஷம் திரும்புவதற்குள் கூப்பிட்டுவிடு என்று முடித்திருந்தார்கள்.

"இல்லீன்னா என்னாகுமுங்க?" என்று கேட்டேன்.

"எந்த ஊர் வலையிலோ அம்புட்டுக்குவானுங்க. யாரோ அவனை அண்ணான்னு கூப்பிடுவாங்க. அவனும் அந்தக் கதவில்லாத வீட்டுல உக்காந்துக்குவான். தன்ற பேரே அவனுக்கு மறந்துருமுங்க."

இங்கே கடல் இல்லையே என்றேன். தண்ணீருக்கெல்லாம் அடியில் ஒன்றுக்கொன்று வழி உண்டு, கிணறு போதும் என்றார். அமாவாசை அன்றைக்கு உச்சிப் பொழுதில் அவர் ஊர்க் கடல் ஏறி வாசற்படி வரைக்கும் வருமாம். அதனால் அமாவாசை உச்சியில், தோட்டத்துக் கிணற்றில். ஒரே ஒரு தடவைதான் கூப்பிடலாம். கூப்பிட்ட மூச்சு அடங்குவதற்குள் பதில் வந்தாக வேண்டும். பதில் சொல்கிறவர் ஒரே சட்டியில் சோறு தின்கிறவராக இருக்க வேண்டும். உங்கள் அம்மா அப்போது ஏழு மாசம். அவள் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

"நீங்க சொல்லுவீங்களா?" என்றார்.

"ஒரு வார்த்தைதானுங்களே" என்றேன்.

தோட்டத்துக்காரரிடம் போய்க் கேட்டோம். அவர் சீனாக்காரரை மேலும் கீழும் பார்த்தார். "கூப்பிடுங்க, வேண்டாங்கலை. ஆனா உங்க தம்பியை என்ற கெணத்துல எறக்கி உட்டுப்போட்டுப் போயிராதீங்க. அப்பறம் மாடு தண்ணி எறைக்காது" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே என்னமோ போல் ஆகி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அமாவாசை அன்றைக்குத் தான் கோயமுத்தூர்ச் சந்தைக்குப் போய்விடுவதாகவும் சொன்னார். போயும்விட்டார். உங்கள் அம்மாவை நான் காலையிலேயே அவள் அக்கா வீட்டில் விட்டுவந்தேன். ஆக, அந்த உச்சியில் அங்கே இருந்தது அவரும் நானும்தான்.

அவர் மூங்கில் கழியில் அந்த நீலச் சட்டையைக் கட்டி எடுத்துக்கொண்டு கிணற்றுப் படியில் இறங்கினார். தலை மறைந்தது, பிறகு கழி நுனியும் மறைந்தது. நான் பின்னறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிணறு ஐம்பதடி தூரம். கிணற்று மண் குவிந்த மேடு நடுவில் இருந்ததால் கிணற்று வாய் தெரியாது. என் நிழல் என் காலுக்கடியில் போய்விட்டது. ஒரு காக்கை இல்லை. சோளத்தட்டு அசையவில்லை. நாக்கில் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நின்றேன். வந்தாச்சு. வந்தாச்சு.

கூப்பாடு வந்தது.

கண்ணுகளா, மூன்று வருஷம் நான் கேட்ட குரல் இல்லை அது. பாறையில் உருண்டு, நீண்டு, பூமிக்குள்ளிருந்து யாரோ நெடுநாள் கழித்து வாயைத் திறந்த மாதிரி மேலே வந்தது. மூன்றே ஓசையுள்ள ஒரு பெயர். வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

உச்சிப் பொழுதில், கிணற்றோரம், ஆள் தெரியாமல் ஒரே ஒரு கூப்பாடு வந்தால் பதில் சொல்லாதே. பேய்க்கு ஒரு கூப்பாடுதான் உண்டு. பதில் சொன்னால் அந்த மூச்சைப் பிடித்துக்கொள்ளும். மனுஷனாக இருந்தால் மறுபடி கூப்பிடுவான். நம் பக்கத்தில் பால்குடி மறந்த நாளிலிருந்து எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது. கூப்பிடுகிறவர் யாரென்று எனக்குத் தெரியும். ஒரே தடவைதான் கூப்பிடுவார் என்றும் தெரியும். தெரிந்தும் என் உடம்பு பழக்கப்படி அடுத்த கூப்பாட்டுக்குக் காத்துக்கொண்டு நின்றது. இன்னொரு தரம் வரட்டும், சொல்லிவிடலாம், இன்னொரு தரம்.

வரவில்லை. கூப்பாடு கிணற்றுக்குள்ளேயே அடங்கிப்போயிற்று. நான் சொல்லவே இல்லை.

ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று மேட்டில் கால் வைத்தபோது அவர் படியேறி வந்துவிட்டார். சட்டையின் ஒரு கை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. மூன்று வாரமாகச் செத்துக்கிடந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"கேட்டுதுங்க. கூப்பிட்ட ஒடனே சொல்லிப்போட்டீங்க. ரொம்ப நல்லதுங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னங்க கேட்டுது?" என்றேன்.

"வந்தாச்சுன்னுதானுங்க. நல்லாக் கேட்டுது." அழுதுகொண்டே சிரித்தார். "கெணத்துக்குள்ள வரும்போது உங்க கொரலு சின்னப் பையன் கொரலாட்ட ஆயிடுச்சுங்க."

இல்லைங்க, நான் சொல்லலை என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தேன். "ஆமாங்க" என்றேன்.

மறுநாள் அவர் மூட்டையோடு விற்கப் போன பிறகு கிணற்றில் இறங்கிக் கத்திப் பார்த்தேன். நான் கத்தினதேதான் திரும்பி வந்தது. அவர் கூப்பிட்டது அவர்கள் பாஷையில். பதில் வந்தது தமிழில். சுற்றுத் தோட்டங்களில் விசாரித்தேன், யாரும் அந்தப் பக்கம் வரவில்லை என்றார்கள். அந்த வாரம் தோட்டத்துக்காரர், கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்றார். "கோடையில தண்ணி எறங்கினா உப்பு ஏறுமுங்க, வருசா வருசம் இருக்கறதுதான்" என்று அவரே சமாதானமும் சொன்னார். வாங்கிக் குடித்துப் பார்த்தேன். கரித்தது. கடலைப் பார்க்காதவன், வேறென்ன சொல்ல.

சீனாக்காரர் அன்றிலிருந்து சாப்பிட இரண்டு தட்டுக் கேட்டார். பட்டு மூட்டையைக் கேரியரிலிருந்து அவிழ்த்து முன்பக்கத்துக் கம்பியில் கட்டிக்கொண்டார். கேரியரைக் காலியாக வைத்தார். நானும் ஏன் என்று கேட்கவில்லை. பத்து நாளில் கடன் கண்ணி ஒன்றும் இல்லாமல் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு, தம்பியை அம்மாவிடம் கொண்டுபோய் விடப் போகிறேன் என்று புறப்பட்டார்.

"அவனுக்கு வழி தெரியாதுங்க. பாலம் வந்தா நின்னு, பாலம்னு சொல்லோணும். இல்லீன்னா தண்ணியைப் பார்த்து நின்னுக்குவான்" என்றார்.

கிளம்புகிற அன்று சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுத்தேன். பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் அமுக்கினேன், கல் மாதிரி இருந்தது. வால்விலும் கசிவு இல்லை. ஆனால் ஸ்டாண்டை எடுத்துத் தரையில் விட்டபோது, கேரியரில் ஒரு ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி பின்டயர் அமுங்கி நின்றது. எத்தனையோ சைக்கிள் பார்த்தவன் நான். காலிச் சைக்கிள் அப்படி நிற்காது. அவரும் அதைப் பார்த்தார். எனக்குச் சந்தோஷமாகத் தலையை ஆட்டிக் காட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பதில் சொல்லவில்லை. அப்படியானால் இவர் தம்பி வீடு சேரவில்லை. சேராதவன் இன்னும் எங்கேயோ தண்ணீரில் நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். சொன்னது வேறு யாரோ. அறுபதடிக் கிணற்றில் எத்தனை காலத்தில் எத்தனை பேர் விழுந்தார்களோ, கூப்பிட ஆளில்லாமல் கிடந்த ஏதோ ஒன்று முந்திக்கொண்டு "வந்தாச்சு" என்றிருக்கிறது. அதைத்தான் இவர் பின்னால் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு பாலத்திலும் பெயர் சொல்லி, கடல் தாண்டிக் கூட்டிப்போகப் போகிறார். அந்தத் தாய் அதற்குச் சோறு வைப்பாள். சுவர் எண்ணிப் பார்க்கும்.

சொல்லிவிட வாயைத் திறந்தேன். "உங்க ஊட்டு அம்மணிகிட்டச் சொல்லுங்க, எங்க ஊர்ப் பொம்பளைங்க பூ வெச்சுக்கும்போது நெனச்சுக்குவேனுங்க" என்றார். தம்பிக்கும் ஒரு வார்த்தை பின்னால் திரும்பிச் சொன்னார். சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனார். நான் கை கூப்பிக்கொண்டு நின்றேன்.

போய்ச் சேர்ந்ததும் காகிதம் போடுவதாகச் சொன்னவர். வரவில்லை. பிற்பாடு அந்தக் கடலோரமெல்லாம் சண்டை என்று பேப்பரில் வாசித்தார்கள். சிப்பிச் சுவர் நிற்கிறதா என்னவோ. உங்கள் அம்மாவுக்கு இது ஒன்றும் தெரியாது. அவர் போன பிறகு பெரியவள் பிறந்தாள், வீடு கலகலப்பாக ஆகிவிட்டது, கிணற்றுத் தண்ணீரும் மழைக்குப் பிறகு இனித்தது. ஆனால் அதிலிருந்து எனக்கு யார் கூப்பிட்டாலும் முதல் கூப்பாட்டிலேயே பதில் வந்துவிடுகிறது. பேயாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று இருக்கிறது.

அவர் போனதற்கு அடுத்த அமாவாசை. உங்கள் அம்மா பிரசவத்துக்குப் பிறந்த வீட்டில் இருந்தாள். உச்சிப் பொழுதில் கடையைச் சாத்திவிட்டு, பின்னறை வாசலில் அதே இடத்தில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. கிணற்றைப் பார்த்து "வந்தாச்சு" என்றேன். போதவில்லை போல் தோன்றியது. வயிற்றிலிருந்து இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னேன். பிறகு என் சைக்கிளின் கேரியரைத் துணியால் துடைத்து, ஏறாமல், சீனாக்காரர் போன ஸ்டேஷன் ரோட்டில் தள்ளிக்கொண்டு நடந்தேன். பின்டயரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பள்ளத்துப் பாலம் வந்தது. அடியில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. நின்றேன்.

"பாலமுங்க தம்பி. தண்ணியைப் பார்க்காதீங்க, நேரா வாங்க" என்று சொல்லி, ஹேண்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தள்ளினேன்.